கார்பமசெபின் தொடங்கும் முன் எச்எல்ஏ சோதனை: இந்தியருக்கும் வேண்டுமா?

பயிற்சி_மருந்தாளர்_உட்லண்ட்ஸ் (கேள்வி)

வணக்கம். அடுத்த வாரம் எங்கள் பயிற்சிக் குழுவில் ஒரு நோயாளிக் குறிப்பை எடுத்துப் பேச வேண்டும். பாடத்துக்காக எழுதிய குறிப்புதான், உண்மையான ஆள் இல்லை. விவரம் இது:

62 வயது ஆண். அடையாள அட்டையில் இனம் 'இந்தியர்'. அப்பா தமிழர், அம்மா மலாய்க்காரர். வலக் கன்னத்தில் ஷாக் அடித்ததுபோல் சில விநாடி வலி. பல் துலக்கினாலும் முகம் கழுவினாலும் வருகிறது. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முக நரம்பு வலி என்று முடிவாகியிருக்கிறது. ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (சீரற்ற இதயத்துடிப்பு) ரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான் 5 மி.கி. இருவேளை, ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு 25 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி., கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி. சிறுநீரகம் சரியாக இருக்கிறது. மருத்துவர் திட்டம்: வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபின், 100 மி.கி. இருவேளை.

என் குழப்பம் மூன்று.

முதலாவது, எச்எல்ஏ-பி*15:02 சோதனை. இந்த மரபணு வகை உள்ளவருக்குக் கார்பமசெபினால் உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினை வரலாம் என்பதால் செய்வது. சிங்கப்பூரை வைத்து 2012இல் 'நியூராலஜி' இதழில் வந்த செலவு-பலன் ஆய்வைப் படித்தேன். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் சோதனை செய்வது பணத்துக்குத் தகும், இந்தியருக்குத் தகாது என்கிறது. பிறகு ஏன் எல்லா ஆசியருக்கும் செய்யச் சொல்கிறோம்?

இரண்டாவது, வலி தாங்க முடியவில்லை என்றால் முடிவு வரும்வரை குறைந்த அளவில் மருந்தைத் தொடங்கலாமா? 100 மி.கி.தானே?

மூன்றாவது, முடிவு நெகட்டிவ் என்று வந்தால் அவரிடம் என்ன சொல்வது? 'இனி பயமில்லை' என்று சொல்லிவிடலாமா?

நரம்பியல்_மருந்தாளர்

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன், அதுதான் ஆளைக் கொல்லக்கூடியது. தொடங்கக் கூடாது. கார்பமசெபினால் வரும், தோலே உரியும் கடும் எதிர்வினைகளான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோமும் (எஸ்ஜேஎஸ்) டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸும் (டென்) பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வருபவை. மூன்று மாதம் தாண்டிவிட்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். ஆக, முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த நாள்களில் மருந்து கொடுப்பது ஆபத்தான காலத்துக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு நுழைவது. அளவு குறைவு என்பதும் காப்பாற்றாது. எச்எல்ஏ-பி*15:02 உள்ளவரின் செல் மேற்பரப்பில் இருக்கும் அந்தப் புரதத்தோடு கார்பமசெபின் நேரடியாகவே ஒட்டிக்கொள்கிறது. அதைக் கண்ட டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் கிரானுலைசின் என்ற நச்சுப் புரதத்தை விடுகின்றன, தோல் செல்கள் கூட்டமாக மடிகின்றன. 'கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம்' என்ற கணக்கு இந்த இடத்தில் செல்லாது. தோல் 10 விழுக்காட்டுக்குக் கீழ் உரிந்தால் எஸ்ஜேஎஸ், 30க்கு மேல் போனால் டென், இடையில் இருப்பது இரண்டும் கலந்த நிலை. டென் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறக்கிறார். பிழைப்பவர்களில் பலருக்குக் கண்ணில் நிரந்தர வடு தங்கிவிடுகிறது.

இடைக்காலத்துக்குக் கபபென்டின் என்ற வேறு நரம்பு வலி மருந்தை வைத்துக்கொள்ளலாம். 62 வயது, சிறுநீரகம் சரி என்றால் முதல் நாள் இரவு 300 மி.கி., பிறகு சில நாளுக்கொரு முறை படிப்படியாக ஏற்றி மூன்று வேளையாகப் பிரிப்பது வழக்கம். தலைசுற்றல் வரும். இவர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், விழுந்தால் விஷயம் பெரிதாகும். அதனால் 100 மி.கி.யில் தொடங்கினாலும் தவறில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது சில இடங்களில் ஃபீனைட்டாயின் என்ற வலிப்பு மருந்தையோ ஃபாஸ்ஃபீனைட்டாயினையோ ஊசியாகப் போடுவதுண்டு. பி*15:02 தெரியாத ஆளுக்கு அதையும் நிறுத்திவைக்க வேண்டும். அந்த மருந்துக்கும் இந்த மரபணுவோடு தொடர்பு உண்டு.

இப்போது அந்த 2012 ஆய்வு. நீங்கள் படித்தது சரிதான். தரம் கணக்கிட்ட ஓர் ஆயுள் ஆண்டை (முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டுக்குச் சமம்) பெற ஆகும் கூடுதல் செலவு மலாய்க்காரருக்கு ஏறக்குறைய 7,900 டாலர், சீனருக்கு 37,000 டாலர், இந்தியருக்கு 1,36,000 டாலருக்கு மேல் என்று அது கணக்கிட்டது. எண் ஏன் இப்படி விலகுகிறது என்று புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். கணக்குக்காக ஆயிரம் பேரை எடுங்கள். நூற்றுக்கு 12 பேரிடம் மரபணு இருக்கும் கூட்டத்தில் 120 பேர் பாசிட்டிவ். அவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு நோய் வரும் என்று வைத்தால் 6 பேரைக் காப்பாற்றுகிறோம். நூற்றுக்கு 4 பேரிடம் மட்டும் இருக்கும் கூட்டத்தில் 40 பேர் பாசிட்டிவ், காப்பாற்றுவது 2 பேரை. இரண்டு இடத்திலும் ஆயிரம் சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றே. (இந்த 12, 4, 5 எல்லாம் விளக்கத்துக்கு நான் வைத்த எண்கள், ஆய்வின் எண்கள் அல்ல.) அதாவது இந்தியரிடம் மரபணு அரிது என்பதால்தான் காப்பாற்றும் ஒவ்வோர் ஆளுக்கும் ஆகும் செலவு ஏறுகிறது. மரபணு இருக்கும் இந்தியருக்கு ஆபத்து குறைவு என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. 2009இல் இந்தியாவிலிருந்து வந்த ஒரு சிறு ஆய்வில் கார்பமசெபினால் எஸ்ஜேஎஸ் வந்த 8 பேரில் 6 பேரிடம் இதே பி*15:02 இருந்தது. எண்ணிக்கை சிறியது, ஆனால் தொடர்பு நம்மவரிடமும் இருக்கிறது என்று காட்டப் போதும்.

செலவு-பலன் ஆய்வு ஒரு நாட்டின் பணப்பையைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்குப் பதில். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சோதனை வேண்டுமா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. தவிர, அது புதிதாக வலிப்பு நோய் கண்டவர்களை வைத்து, அன்றைய மருந்து விலையில் போட்ட கணக்கு.

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் 2013 ஏப்ரலில் அனுப்பிய கடிதத்தில், ஆசிய வம்சாவளியில் புதிதாகக் கார்பமசெபின் தொடங்கும் அனைவருக்கும் இந்தச் சோதனை வழக்கமான பராமரிப்பின் பகுதி என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. இந்தியர் அதில் அடக்கம். இனத்துக்கு இனம் விதி மாற்றாமல் வைத்ததை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். காரணம் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது: அம்மா மலாய்க்காரர். அடையாள அட்டையில் இனம் வழக்கமாக அப்பா வழியில் பதிவானது. இரட்டை இனம் பதியும் வழி 2011இல்தான் வந்தது. அறுபது வயதுக்காரரின் அட்டையில் இருக்கும் ஒற்றைச் சொல் அவருடைய அம்மா வழிக் குரோமோசோமைப் பற்றி எதுவும் சொல்லாது. மலாக்காச் செட்டிக் குடும்பங்கள், சீனக் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் என்று இந்த ஊரில் அட்டைக்கும் மரபணுவுக்கும் பொருந்தாத வீடுகள் நிறைய. குழுவில் பேசும்போது இதைத்தான் முதலில் வையுங்கள்.

சான்றின் வலு பற்றி யாராவது கேட்டால் இரண்டு ஆய்வு போதும். 2004இல் தைவானிலிருந்து 'நேச்சர்' இதழில் வந்தது: கார்பமசெபினால் எஸ்ஜேஎஸ் வந்த 44 பேரில் 44 பேரிடமும் மரபணு இருந்தது, மருந்தைத் தாங்கியவர்களில் 3 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. 2011இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில், மீண்டும் தைவான்: 4,877 பேரைச் சோதித்து, பாசிட்டிவ் வந்த 7.7 விழுக்காட்டினருக்கு மருந்தைத் தவிர்த்தார்கள். பழைய கணக்குப்படி பத்துப் பேருக்காவது வந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் வரவில்லை.

மருந்துப்பட்டியல்_பார்ப்பவர்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்தக் குறிப்பை எழுதியவர் எச்எல்ஏவை மட்டும் மனத்தில் வைத்து எழுதவில்லை என்று நினைக்கிறேன். மருந்துப் பட்டியலைப் பாருங்கள் தம்பி/தங்கை. சோதனை நெகட்டிவாகவே வந்தாலும் இவருக்குக் கார்பமசெபின் நல்ல தேர்வா?

அபிக்சபான்தான் பெரிய கல். மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியையும் அவற்றை வெளியே தள்ளும் பி-கிளைகோபுரோட்டீனையும் கார்பமசெபின் தூண்டுகிறது. அபிக்சபானை உடம்பு வேகமாக வெளியேற்றிவிடும், ரத்த அளவு இறங்கும், பக்கவாத ஆபத்து கூடும். அமெரிக்க மருந்துக் குறிப்பு இரண்டையும் சேர்க்கவே வேண்டாம் என்கிறது. அபிக்சபான் அளவை ஏற்றிச் சமாளிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. வார்ஃபரினுக்கு ஐஎன்ஆர் என்ற ரத்த உறைவுச் சோதனை இருப்பதுபோல வாரந்தோறும் பார்த்துத் திருத்தும் வழியும் இல்லை. ரிவராக்சபான், டபிகட்ரான் என்று மாற்றினாலும் இதே சிக்கல்தான்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் பழைய மருந்தான வார்ஃபரினுக்கு மாற்றலாம். அதிலாவது ஐஎன்ஆர் நமக்குக் கண். ஆனால் கார்பமசெபின் வார்ஃபரினையும் வேகமாகச் சிதைக்க வைக்கும், தேவைப்படும் அளவு வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதைவிட ஆபத்து பின்னால் இருக்கிறது: வலி அடங்கியதும் ஒரு நாள் கார்பமசெபினை நிறுத்துவார்கள். நொதித் தூண்டல் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். அப்போது ஏற்றி வைத்த வார்ஃபரின் அளவு அப்படியே இருந்தால் ஐஎன்ஆர் எகிறும், ரத்தக்கசிவு வரும். தொடங்கும்போது எல்லாரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள், நிறுத்தும்போதுதான் கோட்டைவிடுவார்கள்.

அடுத்து சோடியம். கார்பமசெபின் உடம்பில் நீரைத் தேக்கிச் சோடியத்தைக் குறைக்கும். ஹைட்ரோகுளோரோதையசைடும் சோடியத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால், அதுவும் அறுபதைத் தாண்டியவருக்கு, குழப்பம், தள்ளாட்டம், விழுதல் என்று வரிசையாக வரும். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தொடங்கும் முன் சோடியம், முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல் சோதனை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் சோடியத்தை மறுபடி பார்க்க வேண்டும். தையசைடை வேறு மருந்தாக மாற்றும்படி முதலிலேயே கேட்பது இன்னும் நல்லது. கார்பமசெபினின் நெருங்கிய உறவான ஆக்ஸ்கார்பசெபினுக்கு மாறினால் தீருமா என்றால், சோடியம் விஷயத்தில் அது கார்பமசெபினைவிட மோசம். பி*15:02 பாசிட்டிவ் ஆளுக்கு அதுவும் ஆகாது.

அம்லோடிபின், சிம்வாஸ்டாட்டின் இரண்டின் ரத்த அளவும் இறங்கும். ரத்த அழுத்தம் ஏறினால், கொழுப்பு ஏறினால், ஆள் மருந்து சாப்பிடவில்லை என்று சந்தேகப்படும் முன் இதை நினைக்க வேண்டும்.

கார்பமசெபின் தான் தூண்டும் நொதியால் தானே வேகமாகச் சிதையும் மருந்தும்கூட. முதல் வாரத்தில் பிடித்த அளவு ஐந்தாம் வாரத்தில் போதாது. வலி திரும்பும், அளவை ஏற்ற வேண்டிவரும். அதற்கு நேர்மாறாக, நடுவில் இருமலுக்குக் கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ எழுதிவிட்டால் இரண்டு மூன்று நாளிலேயே கார்பமசெபின் ரத்தத்தில் குவிந்து இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், வாந்தி வரும். அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

என் முடிவு: இந்தக் குறிப்பில் கபபென்டினை இடைக்கால மருந்தாகப் பார்க்காமல் முதல் மருந்தாகவே முன்மொழியலாம். கூடவே தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் 5 மி.கி. மூன்று வேளையில் தொடங்கிச் சேர்க்கலாம். முக நரம்பு வலிக்குக் கார்பமசெபின் அளவுக்கு இவற்றுக்குச் சான்று இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடங்கவில்லை என்றால் நரம்பு அறுவை மருத்துவரிடம் அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தக்குழாய் அழுத்துவதை விலக்கும் அறுவை இருக்கிறது, மற்ற வழிகளும் இருக்கின்றன.

தேக்கா_பக்க_மருந்தாளர்

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன், மருந்து கைமாறும் இடத்தில் தமிழில் பேசவேண்டியவர்கள் நாம்தான்.

'இனி பயமில்லை' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. நெகட்டிவ் என்பது எஸ்ஜேஎஸ் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கிறது, அவ்வளவே. டிரெஸ் என்ற இன்னொரு கடும் எதிர்வினை இருக்கிறது: காய்ச்சல், முகம் வீங்குதல், கழுத்தில் நெறி கட்டுதல், கல்லீரல் பாதிப்பு, தோல் தடிப்பு. மருந்து தொடங்கி இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் வருவது வழக்கம். அதோடு தொடர்புடையது எச்எல்ஏ-ஏ*31:01 என்ற வேறு மரபணு. பி*15:02 மட்டும் பார்த்த அறிக்கையில் அது இருக்காது. எந்த மரபணுவும் இல்லாதவருக்கும் சாதாரணத் தடிப்பு வரலாம். ஆக, பாசிட்டிவ் ஆளுக்கு மருந்து இல்லை, நெகட்டிவ் ஆளுக்கு மருந்தும் முழு அறிவுரையும் உண்டு.

அறிவுரையில் நம் வீடுகளுக்கென்றே தனியாகச் சொல்லவேண்டியவை இருக்கின்றன. அச்சிட்ட துண்டறிக்கையில் இவை வராது.

எஸ்ஜேஎஸ் தோலில் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல், வாய்ப்புண் வரும். வாய்ப்புண்ணைப் பார்த்ததும் நம் பெரியவர்கள் 'உடம்புச் சூடு' என்பார்கள். மோர், இளநீர், நல்லெண்ணெய்க் குளியல் என்று இரண்டு நாள் போய்விடும். பிறகு கொப்புளம் கிளம்பினால் 'அம்மை போட்டிருக்கு' என்று வேப்பிலை வைத்து, மருத்துவரிடம் போகக் கூடாது என்று கதவைச் சாத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த நாள்களிலும் மாத்திரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் இந்த இரண்டு மூன்று நாள்தான் எல்லாம். அவர்களுடைய நம்பிக்கையைக் கேலி செய்யாமல், அந்தச் சொற்களையே எடுத்துச் சொல்லுங்கள்: 'ஐயா, இந்த மாத்திரை ஆரம்பிச்ச முதல் மூணு மாசத்துக்குள்ள வாய்ப்புண்ணோ, கண் செவப்போ, காய்ச்சலோ, அம்மை மாதிரி கொப்புளமோ வந்தா அது சூடுன்னும் அம்மைன்னும் விட்டுடாதீங்க. அடுத்த வேளை மாத்திரையைப் போடாம அன்னைக்கே அவசரப் பிரிவுக்கு வாங்க. மாத்திரை அட்டையையும் கையோட கொண்டு வாங்க.' வீட்டில் சமைப்பவர், பார்த்துக்கொள்பவர் கூட வந்திருந்தால் அவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு 'இப்ப நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க' என்று கேளுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த 'உடனே நிறுத்துங்கள்' முக நரம்பு வலிக்காரருக்குச் சிக்கல் இல்லை. வலிப்புக்காக எடுப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரலாம். அவருக்கும் மேலே சொன்ன அறிகுறி வந்தால் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் வீட்டில் உட்காரக் கூடாது. மருத்துவமனையில் வேறு மருந்து அன்றே தொடங்கியாக வேண்டும். வெறும் தலைசுற்றல், தூக்கக் கலக்கத்துக்காகத் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

சிஆர் (மருந்தை மெதுவாக விடும்) மாத்திரை என்றால் கோடு போட்ட இடத்தில் பாதியாக்கலாம், மெல்லவோ பொடிக்கவோ கூடாது. பெரியவர்களில் பலர் முழுங்க முடியாமல் பொடித்துத் தேனில் குழைப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

பயிற்சி_மருந்தாளர்_உட்லண்ட்ஸ்

மூவருக்கும் நன்றி. அபிக்சபானை நான் வெறும் பின்னணி விவரம் என்று நினைத்துக் கடந்துபோயிருந்தேன்.

தொடர்ந்து இரண்டு கேள்வி. ஒன்று, சோதனை மாதிரி, அறிக்கை, பதிவு இவற்றில் நாம் கவனிக்கவேண்டியது என்ன? இரண்டு, இந்தியாவில் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அங்கேயே வலிப்பு மருந்து எடுத்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கும் சோதனை வேண்டுமா?

ஆய்வகம்_தெரிந்தவர்

மாதிரி எளிது. ஈடிடிஏ குழாயில், அதாவது ஊதா மூடிக் குழாயில், சில மில்லிலிட்டர் ரத்தம். சாப்பிடாமல் வரவேண்டியதில்லை, எந்த மருந்தையும் நிறுத்த வேண்டியதில்லை. வாழ்நாளில் ஒரு தடவை போதும், மரபணு மாறாது. அதனால் புதிதாக எழுதும் முன் பழைய முடிவு இருக்கிறதா என்று தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டில் தேடுங்கள். தகுதியுள்ள நோயாளிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் சோதனைக்கு மானியம் உண்டு. செலவுக்குப் பயந்து மறுப்பவரிடம் இதை முதலில் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு பொறி: எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர். அவருடைய ரத்தத்தில் இருப்பது கொடையாளியின் மரபணு. ரத்த முடிவை வைத்து அவருடைய தோலைப் பற்றி முடிவெடுக்க முடியாது. மாற்றுக்கு முன் எடுத்த எச்எல்ஏ அறிக்கை கட்டாயம் இருக்கும், அதையும் பார்த்து ஆய்வகத்தைக் கேளுங்கள். படிவத்தில் இதற்கு இடம் இல்லாவிட்டாலும் கையால் எழுதிவிடுங்கள்.

அறிக்கையைப் படிக்கும்போது எண்ணை முழுதாகப் பாருங்கள். பி*15:02 வேறு, பி*15:01 வேறு. 'பி15 பாசிட்டிவ்' என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் அதை ஏற்கக் கூடாது. பி*15:02 அடங்கிய பி75 குடும்பத்தில் 15:08, 15:11, 15:21 என்று நெருங்கிய உறவுகள் இருக்கின்றன, அவற்றுக்கும் கார்பமசெபின் எஸ்ஜேஎஸோடு தொடர்பு பதிவாகியிருக்கிறது. அறிக்கையில் இவற்றில் ஒன்று வந்திருந்தால் 'பி*15:02 இல்லை' என்று எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்காதீர்கள். ஒரு பிரதி இருந்தாலும் இரண்டு பிரதி இருந்தாலும் பாசிட்டிவ் பாசிட்டிவ்தான்.

பாசிட்டிவ் வந்தால் மருந்து எழுதுபவரின் குறிப்பில் மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. மருந்து எச்சரிக்கைப் பகுதியில் ஏற்ற வேண்டும், அப்போதுதான் அடுத்த ஆண்டு வேறு பலதுறை மருந்தகத்தில் யாராவது எழுதும்போது திரை எச்சரிக்கும். 'கார்பமசெபின் ஒவ்வாமை' என்று பதிவதைவிட 'எச்எல்ஏ-பி*15:02 பாசிட்டிவ், கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபீனைட்டாயின் தவிர்க்கவும்' என்று பதிவது சரி. அவருக்கு இதுவரை ஒவ்வாமை வரவில்லை அல்லவா? நோயாளியிடமும் 'உங்களுக்கு வியாதி ஒண்ணும் இல்லை, இந்த மருந்து உங்களுக்கு ஆகாது' என்று விளக்க வேண்டும். பாசிட்டிவ் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவருக்கே எஸ்ஜேஎஸ் வரும், ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் எல்லாருக்கும் தவிர்க்கிறோம்.

ஊரிலிருந்து வருபவர்கள். இங்கே 'டெக்ரடால்' என்று கேட்டால் இல்லை என்பார்கள். டெக்ரிடால், செப்டால், மசெட்டால் என்று கேளுங்கள், அங்கே கார்பமசெபினுக்கு அவைதான் பெயர். ஆக்ஸெடால் ஆக்ஸ்கார்பசெபின், எப்டாயின் ஃபீனைட்டாயின். பெயர் நினைவில்லை என்றால் வீட்டுக்குப் போன் போட்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

விதி இப்படி: கார்பமசெபினை இடைவிடாமல் மூன்று மாதத்துக்கு மேல் எடுத்து, தோலில் எதுவும் வராமல் இப்போதும் எடுத்துக்கொண்டிருப்பவருக்குச் சோதனை தேவையில்லை. மூன்று மாதத்துக்கு மேல் எடுத்து நிறுத்தி, இப்போது மறுபடி தொடங்குபவரிடம் முன்பு எதுவும் வரவில்லை என்பது உறுதி என்றால் எச்சரிக்கையோடு தொடங்கலாம் என்று சிபிஐசி (மரபணுவுக்கேற்ற மருந்துத் தேர்வுக்கான பன்னாட்டு அமைப்பு) வழிகாட்டி இடம் தருகிறது. பத்துப் பதினைந்து நாள் போட்டுப் பார்த்து விட்டவர் புது நோயாளிதான், அவருக்குச் சோதனை வேண்டும். 'எப்டாயின் போட்டப்ப உடம்பெல்லாம் அரிச்சுது, நிறுத்திட்டாங்க' என்பவரிடம் அந்த அரிப்பு எப்படி இருந்தது, வாயில் புண் வந்ததா, மருத்துவமனையில் சேர்த்தார்களா என்று தோண்டிக் கேளுங்கள். அப்படி வந்திருந்தால் சோதனை நெகட்டிவாக இருந்தாலும் கார்பமசெபின் பக்கம் போகக் கூடாது. கார்பமசெபின், ஃபீனைட்டாயின் போல நறுமண வளையம் என்ற வேதி அமைப்பு உள்ள வலிப்பு மருந்துகள் ஒன்றுக்கொன்று குறுக்கு எதிர்வினை காட்டும்.

குழுவில் சொல்ல இன்னொன்று. ஹாங்காங்கில் 2008இல் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியபோது கார்பமசெபினால் வரும் எஸ்ஜேஎஸ் மறைந்தேபோனது. ஆனால் வலிப்பு மருந்துகளால் வரும் மொத்த எஸ்ஜேஎஸ் குறையவில்லை. சோதனையைத் தவிர்த்து மருத்துவர்கள் ஃபீனைட்டாயின் போன்ற மற்ற மருந்துகளுக்குத் தாவியதே காரணம் என்று 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஃபீனைட்டாயினில் பி*15:02 மட்டுமின்றி சிஒய்பி2சி9 நொதி மந்தமாக இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது, மருந்து தேங்குவதால். அந்த மந்த வகைகளில் ஒன்றான *3 இந்தியரிடம் அரிதல்ல. அதனால் 'நம்மவருக்கு பி*15:02 குறைவு, ஃபீனைட்டாயினே போடலாம்' என்று ஒருவர் சொன்னால், கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும் என்று சொல்லுங்கள். வலிப்புக்கு லெவெடிரசெட்டம், பிள்ளை பெறும் வயதில் இல்லாதவர்களுக்கு வால்ப்ரோயேட் என்று இந்த எச்எல்ஏ சிக்கல் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. லெவெடிரசெட்டத்தில் எரிச்சலும் கோபமும் வரும், வீட்டாரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

பாசிட்டிவ் ஆனவரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அதே மரபணு இருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர்களை இப்போதே சோதிக்க வேண்டியதில்லை. யாருக்காவது வலிப்போ முக நரம்பு வலியோ வந்து, இங்கோ ஊரிலோ மருந்து எழுதும்போது 'எங்க அண்ணனுக்கு பி*15:02 பாசிட்டிவ்' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி, கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பத்தாருக்கு அனுப்பச் சொல்லிக் கொடுங்கள்.